ஒரு பெண்ணின் வெற்றியும் அவர் முழங்காலும்

விளையாட்டுச் சங்கதிகளுக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். மனிதன் எங்கே ஜெயிக்கிறானோ, எங்கே தோற்கிறானோ, எங்கே அடிபடுகிறானோ அங்கே தான் விதி, அதிர்ஷ்டம், கிரகபலன், கண்ணேறு, ஆண்டவன் சித்தம் என்கின்ற சரக்குகள் எல்லாம் கூட்டமாய் வந்து கடை விரிக்கின்றன. அதிலும் ஜெயித்தவர் பெண்ணாயிருந்து, அடிபட்டவரும் அப்பெண்ணாகவே இருந்துவிட்டால், “பார்த்தீர்களா, பெண் தேகத்துக்கு அவ்வளவு தான் சக்தி” என்று சொல்லுவதற்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆதலால், 2019 வது வருஷத்தில் டென்னிஸ் என்னும் பந்தாட்டத்தில் ஒரு பெண் அடைந்த வெற்றிகளையும், அதே வருஷத்தில் அவர் பட்ட காயங்களையும் எடுத்துக்கொண்டு, இவைகளுக்குக் காரணம் என்ன என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கலாமென்று நினைக்கின்றோம்.

டென்னிஸ் என்பது நடுவில் வலை கட்டிய ஒரு களத்தில், இருபுறமும் ஒவ்வொருவராக நின்று, நரம்பு பின்னிய மட்டையால் பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டமாகும். பெண்கள் ஆட்டத்தில் மூன்று செட்டில் இரண்டைக் கெலித்தவர் வெற்றி பெற்றவர். உலகத்தில் எத்தனையோ இடங்களில் இதற்குப் பந்தயங்கள் நடந்தாலும், ஆஸ்திரேலியா, பிரான்சு, இங்கிலாந்தின் விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கு இடங்களில் நடப்பவையே தலையாய பந்தயங்கள் என்று மதிக்கப்படுகின்றன. இவைகளில் ஒன்றில் ஒரு தரம் ஜெயித்தாலே ஆயுள் முழுதும் அப்பெயர் நிற்கும்.

நாம் சொல்ல வந்த பெண்ணின் பெயர் பியான்கா ஆண்ட்ரீஸ்கு. கனடா தேசத்தில் மிஸிஸாகா என்னும் பட்டணத்தில் 2000 வது வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி பிறந்தவர். தாய் தகப்பன்மார் ருமேனியா தேசத்திலிருந்து கனடாவுக்குக் குடியேறியவர்கள். இவர் சிறுமியாயிருக்கையில் குடும்பம் சில காலம் ருமேனியாவுக்குத் திரும்பிப் போயிருந்தபோது, அங்கே பிடெஷ்டி என்னும் ஊரில் தான் முதன்முதல் மட்டையைப் பிடித்தார். பிறகு கனடாவுக்கு வந்து, அந்நாட்டு டென்னிஸ் சங்கத்தார் நடத்தும் பயிற்சி நிலையத்தில் சிறு வயதிலேயே சேர்ந்து தேர்ச்சி பெற்றார். 2017, 2018 ஆகிய இரண்டு வருஷங்களிலும் அமெரிக்கப் பந்தயத்திற்குப் போய், உள்ளே நுழைவதற்கான தகுதி ஆட்டத்தின் முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வந்தவர். 2019 ஜனவரியில் உலக வரிசையில் இவருடைய இடம் 152.

அந்த வருஷம் என்ன நடந்தது? ஜனவரியில் நியூசிலாந்து ஆக்லாந்து பந்தயத்தில் தகுதி ஆட்டம் ஆடி உள்ளே நுழைந்து, முன்னாள் முதலிடத்தாரான கரோலின் வோஸ்னியாக்கி, வீனஸ் வில்லியம்ஸ் ஆகிய இரண்டு பேர்களையும் தோற்கடித்து, இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார். மார்ச்சு மாதம் 17-ந் தேதி கலிபோர்னியாவில் இந்தியன் வெல்ஸ் என்னுமிடத்தில், பந்தயம் நடத்துபவர்கள் பார்த்து விசேஷ அனுமதி கொடுத்துச் சேர்த்துக்கொண்ட ஆளாக நுழைந்து, இறுதியில் ஜெர்மனியின் ஆஞ்செலிக் கெர்பரை 6-4, 3-6, 6-4 என்கின்ற கணக்கில் ஜெயித்தார். அவ்விதம் விசேஷ அனுமதியில் நுழைந்தவர் அங்கே பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. அதே மாதத்தில் மியாமியில் ஆடும்போது வலது தோள் போய்விட்டது. பாதி ஆட்டத்தில் நிறுத்திவிட்டார். மே மாதத்தில் பிரெஞ்சுப் பந்தயத்திற்கு வந்து ஓர் ஆட்டம் ஜெயித்தார். தோள் மறுபடியும் வலிக்கவே, இரண்டாவது ஆட்டத்திற்கு இறங்காமலே விலகிக்கொண்டார். விம்பிள்டனுக்குப் போகவே இல்லை.

ஆகஸ்டில் சொந்த நாட்டில் டொராண்டோவில் மறுபடி இறங்கிப் பட்டம் பெற்றார். கனடாக்காரி ஒருவர் அப்பட்டத்தை அதற்கு முன் பெற்றது 1969-ல். செப்டம்பர் 7-ந் தேதி நியூயார்க்கில் அமெரிக்கப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில், அது வரை 23 தலையாய பட்டங்கள் பெற்றிருந்த செரீனா வில்லியம்ஸ் அம்மையாரை 6-3, 7-5 என்று ஜெயித்தார். தலையாய நான்கு பந்தயங்களில் ஒன்றில் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் கனடாக்காரர் இவரே. ஆண்களிலும் அதற்கு முன் எவரும் பெற்றதில்லை. முந்திய வருஷம் வாசலிலேயே தோற்றுத் திரும்பிய அதே பந்தயம் இது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அக்டோபரில் உலக வரிசையில் 4-வது இடத்திற்கு வந்தார். அம்மாதம் முடிவதற்குள்ளாகவே, சீனாவில் ஷென்சென் நகரத்தில், வருஷக் கடைசியில் முதல் எட்டுப் பேருக்கு மாத்திரம் நடக்கும் பந்தயத்தில் இடது முழங்கால் முறுக்கிக்கொண்டது. ஒரு செட் முடிந்ததும் நிறுத்தினார். அதன் பிறகு 2020 வருஷம் முழுவதும் ஒரு பந்தயத்திலும் ஆடவில்லை.

சங்கதி இவ்வளவு தான். இனி இதற்குச் சொல்லப்படும் காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, “அவருக்கு அந்த வருஷம் நல்ல காலம்” என்பது. நல்ல காலம் என்றால் தோள் ஏன் கிழிந்தது? கெட்ட காலம் என்றால் மூன்று பெரிய பட்டங்கள் எப்படி வந்தன? பட்டம் வந்தபோது நல்ல காலமென்றும், முழங்கால் போனபோது கெட்ட காலமென்றும் சொல்லுவதானால், அது நடந்து முடிந்ததற்குப் பிறகு பெயர் வைப்பதே தவிர காரணம் சொல்லுவதாகாது. அந்தப் பெண் பிறந்த நேரம் 2018-லும் அதே நேரம் தான். 2019-லும் அதே நேரம் தான். பிறந்த நேரம் மாறவில்லை. மாறியது எது? பயிற்சி மாறிற்று, பயிற்சி ஆசிரியர் மாறினார், வயதும் தேகபலமும் ஏறிற்று, ஆட்டத்தில் ஒரே மாதிரி அடியாக இல்லாமல், பலமாயும், மெதுவாயும், உயரத் தூக்கியும், வலைக்கருகில் தட்டியும் எதிரியைக் குழப்பும் வித்தை முற்றிற்று. இவைகளை விட்டுவிட்டுக் கிரகத்திற்குக் கும்பிடு போடுவது, உழுதவனை விட்டுவிட்டு வரப்புக்கு மாலை போடுவதற்கே ஒப்பாகும்.

இரண்டாவது காரணம் சற்று நாகரிக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. இந்தப் பெண் பன்னிரண்டு வயது முதல் தாயார் சொல்லிக்கொடுத்தபடி தியானம் பழகியவராம். தான் ஜெயிப்பதாக மனதிற்குள் படம் பார்த்து வந்தவராம். பதினைந்து பதினாறு வயதிலேயே அமெரிக்கப் பந்தயத்தின் முதற்பரிசுத் தொகைக்குத் தன் பெயருக்குத் தானே ஒரு பொய்ச் செக் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் பரிசுத் தொகை ஏற ஏறச் செக்கையும் திருத்தி எழுதினவராம். இதை அவரே சொல்லியிருக்கிறார், நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால், இதைப் பிடித்துக்கொண்டு, “நினைத்தால் நடக்கும், ஆழமாக நினைத்தால் உலகமே கொண்டு வந்து கொடுக்கும்” என்று புத்தகம் விற்பவர்களும் உபதேசம் செய்பவர்களும் கிளம்பிவிடுகிறார்களே, அவர்களைத் தான் நாம் கேட்கின்றோம். அந்தப் பந்தயத்தில் 128 பெண்கள் ஆடினார்கள். மற்ற 127 பேர்களும் தோற்பதாகவா மனதில் படம் பார்த்துக் கொண்டிருந்தார்கள்? உலகத்தில் இம்மாதிரி எத்தனை சிறுமிகள் தங்கள் பெயருக்குச் செக் எழுதி வைத்துவிட்டுத் தோற்று வீட்டிற்குப் போயிருப்பார்கள்? தோற்றவளிடத்தில் போய், “அம்மா, நீ செக் எழுதினாயா?” என்று கேட்பவன் யார்? ஜெயித்த ஒருத்தியை மாத்திரம் கேட்டு எழுதிக்கொண்டு அதற்குச் சட்டம் என்று பெயர் வைப்பது, சாமிக்கு நேர்ந்துகொண்டு பிழைத்தவர்களை மாத்திரம் எண்ணிவிட்டு, நேர்ந்துகொண்டும் செத்தவர்களை எண்ணாமல் விடுகின்ற பழைய கணக்கே தவிர வேறல்ல. நினைப்பு பட்டத்தைக் கொண்டுவர வல்லதானால், அதே நினைப்பு ஷென்செனில் ஒரு முழங்காலைக் காப்பாற்ற ஏன் வல்லதாகவில்லை?

மனதில் ஒரு வேலையை முன்கூட்டி ஒத்திகை பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நாடகக்காரன் வசனத்தையும், தச்சன் இழைக்கப்போகும் கட்டையையும் மனதில் பார்த்துக்கொள்வது போல, ஆட்டக்காரரும் அடிக்கப்போகும் அடியைப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் பயம் குறையும், கவனம் கூடும். ஆனால் அது பயிற்சியின் ஒரு பகுதியே ஒழிய மந்திரமல்ல. பந்தை அடித்தது கை. கைக்கு வித்தை வந்தது பயிற்சியால்.

பெரிய ஆட்டக்காரர்களும் இந்தப் பலவீனத்திற்கு விலக்கல்ல. செரீனா அம்மையாரே, முதல் ஸர்வுக்கு முன் பந்தை ஐந்து தரமும், இரண்டாவது ஸர்வுக்கு முன் இரண்டு தரமும் தட்டுவதும், ஜெயித்துக்கொண்டு வரும்போது அதே காலுறையை மாற்றாமல் போடுவதும் தமக்கு வழக்கமென்று சொல்லியிருக்கிறார். 23 பட்டங்கள் காலுறையாலா வந்தன? காலுறைக்கு அந்தச் சக்தி இருந்தால், டொராண்டோ இறுதி ஆட்டத்தில் நான்கே கேம்கள் ஆனதும் அம்மையாருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, 3-1 என்று இருக்கையில் ஆட்டத்தை விட நேர்ந்தது எப்படி? அன்று நடந்ததில் ஒரு விசேஷம் உண்டு. ஆட்டத்தை விட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் விட்ட செரீனாவிடத்தில், பத்தொன்பது வயதுப் பெண்ணாகிய ஆண்ட்ரீஸ்கு தாமே நடந்து போய், தழுவி ஆறுதல் சொன்னார். “ஆண்டவன் என் பக்கம்” என்று வானத்தைப் பார்த்துக் கையெடுக்கவில்லை. காயம் என்றால் என்ன என்பதை அந்த வருஷத்திலேயே அனுபவித்தவர் ஆனபடியால், எதிரியின் காயம் அவருக்கு விளங்கிற்று. இதை நாம் பட்டத்திலும் பெரிதாக மதிக்கின்றோம்.

தற்செயல் என்பது உலகத்தில் இல்லையா என்றால், உண்டு. அன்றைக்கு முதுகு பிடிக்காமலிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்பதை எவரும் சொல்ல முடியாது. ஆனால் தற்செயல் வேறு, விதி வேறு. தற்செயலுக்குக் கண்ணுமில்லை, கருத்துமில்லை. அது எவருக்கும் முன்கூட்டி எழுதிவைத்ததுமல்ல. அதைக் கும்பிட்டால் இரங்காது, வைதால் கோபிக்காது. அறிவுள்ளவன் செய்யவேண்டியது அதற்குத் தயாராய் இருப்பது ஒன்று தான்.

நிற்க, காயத்தின் காரணத்தைப் பார்ப்போம். புகழ் வந்ததும் பொறாமைக் கண் பட்டுவிட்டது என்று சொல்லுவதற்கு எந்த தேசத்திலும் ஆட்கள் உண்டு. கண்ணால் தோளைக் கிழிக்க முடியாது. தோளைக் கிழிப்பது எது என்பதை வைத்திய சாஸ்திரம் தெளிவாகவே சொல்லுகிறது. மேற்கை எலும்பின் தலைப் பாகத்தைச் சுற்றி நான்கு தசைகளும் அவைகளின் நாண்களும் உறை போலக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஸர்வ் செய்யும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி முழு வேகத்தில் வீசுகிறார்கள். பந்தை அடித்தானதும் அந்த வேகத்தைத் தடுத்து நிறுத்தவேண்டிய வேலை இந்தத் தசைகளைச் சேர்ந்தது. வண்டியை ஓட்டுவது மாடு, நிறுத்துவது மூக்கணாங்கயிறு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை இந்தக் கயிற்றைச் சுண்டி இழுத்துக்கொண்டே இருந்து, இழை பிரிவதற்கு முன் ஓய்வு கொடுக்காவிட்டால், கயிறு அறுவதற்குக் கண்ணேறு வேண்டியதில்லை.

முழங்காலும் அப்படியே. தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவில், பிறை போன்ற வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புகள் மெத்தை போல் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கால் சட்டென்று நின்று, தேகம் மாத்திரம் திரும்பினால், அந்த மெத்தை நசுங்கிக் கிழிகிறது. அதன் உட்பாகத்திற்கு இரத்த ஓட்டம் இல்லாதபடியால் கிழிந்தால் லேசில் ஒட்டுவதுமில்லை. மண் தரையானால் கால் சறுக்கிக் கொடுக்கும். கெட்டித் தரையில் செருப்பு கவ்விக்கொண்டு நிற்கும். இந்தியன் வெல்ஸ், டொராண்டோ, நியூயார்க், ஷென்சென் ஆகிய அத்தனை இடங்களும் கெட்டித் தரையே. ஆகவே காரணம் தரையில் இருக்கிறது, ஆட்டத்தின் அளவில் இருக்கிறது, வானத்தில் இல்லை. காரணம் வானத்தில் இருந்தால் நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. தரையில் இருப்பதால் தான் திருத்துவதற்கு வழியுண்டு. பகுத்தறிவின் லாபமே இது தான்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த சங்கதிக்கு வருகின்றோம். இந்தியன் வெல்ஸ் இறுதி ஆட்டத்தின் நடுவில், பாதம் எரிகிறதென்றும், அசைய முடியவில்லையென்றும் அந்தப் பெண் தன் பயிற்சி ஆசிரியரிடம் சொன்னார். ஆனாலும் எப்படியாவது ஜெயிக்க வேண்டுமென்றும் சொன்னார். சொன்னபடியே ஆடி ஜெயித்தார். உலகம் கை தட்டிற்று. அதே மாதத்தில் தோள் போயிற்று. பிறகு பாரிசில், இரண்டாவது ஆட்டத்தின் முன், “தோள் சரியில்லை, ஆடமாட்டேன்” என்று விலகினார். அதற்கு அவ்வளவு கை தட்டல் இல்லை. நாம் கேட்பது என்னவென்றால், இவ்விரண்டில் எது அதிக தைரியமான காரியம்? பதினாயிரம் பேர் கத்தும்போது வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது ஒரு தைரியம் தான். ஆனால், பணமும் புகழும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, “என் தேகம் என்னுடையது, இதைப் பாழாக்கிக்கொள்ளமாட்டேன்” என்று சொல்லி எழுந்து வருவது அதனிலும் பெரிய தைரியம் என்பதே நமது எண்ணம். பாரிசில் விலகினதும், விம்பிள்டனை விட்டதும் தான் ஆகஸ்டையும் செப்டம்பரையும் கொடுத்தன. ஓய்வில்லாமல் ஆடியிருந்தால் நியூயார்க் பட்டமே வந்திருக்குமா என்பது சந்தேகம்.

பெண்ணுக்குப் பொறுமையே அணி, சகிப்பே தர்மம் என்று எல்லா தேசத்து மதக்காரர்களும் நீதிக்காரர்களும் போதித்து வந்திருக்கிறார்கள். அந்தப் போதனையே இப்போது காலுறையும் மட்டையும் மாட்டிக்கொண்டு, “வலியோடு ஆடினாள், வீராங்கனை” என்று விளையாட்டு மைதானத்திற்குள் வந்திருக்கிறது. வலி என்பது தேகம் கொடுக்கும் எச்சரிக்கையே ஒழிய ஒரு விரதமல்ல. அதைச் சகித்தால் புண்ணியமில்லை. முழங்கால் தான் போகும். இதே பெண் 2021 டிசம்பரில், மனமும் களைத்துப் போயிருப்பதாக வெளிப்படையாய்ச் சொல்லி, அடுத்த ஆஸ்திரேலியப் பந்தயத்திற்குப் போகாமல் ஓய்வெடுத்துக்கொண்டு, 2022 ஏப்ரலில் திரும்பி வந்தார். “கால் நொந்தது என்று சொல்லலாம், மனம் நொந்தது என்று சொல்லலாமா?” என்று கேட்பவர்களுக்கு, மனமும் தேகத்தில் தான் இருக்கிறது, ஆகாயத்தில் தொங்கவில்லை என்பதே நமது பதில்.

“பெண் தேகம் பலவீனமானது, அதனால் தான் உடைந்தது” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே 2019 ஜனவரியில் பிரிட்டனின் ஆண்டி மர்ரே என்னும் ஆண்மகனுக்கு இடுப்பு மூட்டில் உலோகம் வைத்து ரண சிகிச்சை செய்தார்கள். அதே ஜூன் மாதத்தில் அர்ஜென்டினாவின் டெல் போட்ரோ என்னும் ஆறடிக்கு மேற்பட்ட ஆண்மகனுக்கு, முந்திய வருஷம் உடைந்த அதே முழங்கால் சில்லு மறுபடியும் உடைந்தது. இவர்கள் எந்தப் பெண் தேகம் வைத்திருந்தார்கள்? ஆண் அடிபட்டால் துரதிர்ஷ்டம், பெண் அடிபட்டால் பலவீனம் என்பது எந்த நியாயம்?

இந்தப் பலவீனக் கதைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. அமெரிக்கப் பந்தயத்தில் 1891 முதல் 1901 வரை பெண்களின் இறுதி ஆட்டம் ஐந்து செட் கணக்கில் நடந்தது. பெண்கள் ஆடினார்கள், ஒருவரும் செத்துப் போகவில்லை. 1901-ல் எலிசபெத் மூர் அம்மையார் ஐந்து செட்டும் ஆடியே பட்டம் பெற்றார். ஆனால், ஆண்களே நடத்தி வந்த சங்கத்தார், பெண்களுக்கு அது தாங்காது என்று தாங்களே முடிவு செய்து, 1902 முதல் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். ஆடுகின்ற பெண்களை ஒரு வார்த்தை கேட்காமல் செய்தார்களே என்று மூர் அம்மையார் ஆட்சேபித்தும் பயனில்லை. தாங்காது என்று சொன்னவர்களே அப்பெண்களுக்குத் தரையைத் தொடும் பாவாடையையும், இடுப்பை நெருக்கும் இறுக்குச் சட்டையையும் மாட்டி ஓடச்சொன்னவர்கள். 1919-ல் பிரான்சின் சூசான் லாங்லென் அந்த இறுக்குச் சட்டையை எறிந்துவிட்டு, கை குட்டையான உடையும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பாவாடையுமாக விம்பிள்டனில் இறங்கியபோது, ஒழுக்கம் கெட்டது என்று கூச்சல் போட்டார்கள். அவர் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். கட்டை நீக்கினதும் ஓடுகின்ற கால், முன்பு பலவீனத்தாலா ஓடாமலிருந்தது?

பணத்தின் கதையும் இதுவே. 1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பந்தயம் ஒன்றில் ஆணுக்கு முதற்பரிசு 12,500 டாலர் என்றும், பெண்ணுக்கு 1,500 டாலர் என்றும் வைத்தார்கள். பில்லி ஜீன் கிங் அம்மையார் உள்பட ஒன்பது பெண்கள் அதைப் பகிஷ்கரித்து, ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டு, ஹூஸ்டனில் தனிப் பந்தயம் நடத்தினார்கள். 1973-ல் பெண் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். அவ்வருஷமே அமெரிக்கப் பந்தயம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு கொடுத்தது. விம்பிள்டன்காரர்களுக்கு அந்தப் புத்தி வருவதற்கு 2007 வரை சென்றது. 2019-ல் ஆண்ட்ரீஸ்குவுக்குக் கிடைத்த 38.5 லட்சம் டாலரும், ஆண்களில் ஜெயித்த நடாலுக்குக் கிடைத்த 38.5 லட்சம் டாலரும் ஒரே தொகையாயிருந்ததற்குக் காரணம் எந்தத் தேவதையின் அருளுமல்ல. அந்த ஒன்பது பெண்களின் ஒரு டாலர் கையெழுத்தே ஆகும்.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. டென்னிஸ் ஆடுகிறவருக்கு மாதச் சம்பளம் என்பது கிடையாது. ஆடினால் பணம், படுத்தால் இல்லை. பயிற்சி ஆசிரியர், வைத்தியர், பிரயாணம் ஆகிய செலவுகள் எல்லாம் அவருடையவையே. வரிசை எண்ணோ, ஒரு பந்தயத்தில் சேர்த்த புள்ளி 52 வாரத்திற்குப் பிறகு கழிந்துவிடும் கணக்கில் ஓடுகிறது. ஆதலால் அடிபட்டவர் படுக்கையில் இருக்கும்போதே அவருடைய இடமும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். நிறையப் பணம் சேர்த்த முதல் பத்துப் பேர் ஓய்வெடுக்கலாம். நூற்றைம்பதாவது இடத்திலிருப்பவள் வலியோடு ஆடுவதைத் தவிர வேறு வழி என்ன? கூலிக்காரிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய அடுப்பு எரியாதது போன்றதே இதுவும்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் இயற்கை விதியா என்றால் அல்ல, மனிதர் எழுதினவையே. செரீனா அம்மையார் 2017-ல் குழந்தை பெற்று, உயிருக்கே ஆபத்தான நோயிலிருந்து தப்பி, 2018-ல் பிரெஞ்சுப் பந்தயத்திற்கு வந்தபோது, முதலிடத்தில் இருந்த அவரை 400-க்கும் கீழான வரிசையில் தள்ளி, முன்னுரிமை எதுவும் இல்லாமல் ஆடச் செய்தார்கள். பிள்ளை பெற்றதற்கு இது தண்டனையா என்று கேள்வி கிளம்பிற்று. 2019 முதல், பிள்ளைப் பேற்றுக்காகவும் காயத்துக்காகவும் விலகியவர்கள் பழைய வரிசையைக் கொண்டு திரும்பி வரும் விதியைப் பெண்கள் சங்கத்தார் விரிவுபடுத்தினார்கள். 2020-ல் கொள்ளை நோய் வந்து பந்தயங்கள் நின்றபோது, புள்ளிகள் கழியாதபடி நிறுத்தி வைத்தார்கள். அதனால் ஒரு ஆட்டமும் ஆடாத ஆண்ட்ரீஸ்கு அவ்வருஷ முடிவிலும் முதல் பத்துப் பேருக்குள்ளேயே இருந்தார். முடியாது, வழக்கமில்லை என்றவைகள் எல்லாம் மனம் வைத்ததும் முடிந்தன. 2025 மார்ச்சில், பிள்ளை பெறும் ஆட்டக்காரிக்குப் பன்னிரண்டு மாதம் வரை பணம் கொடுக்கும் நிதியும் ஏற்பட்டது. அந்தப் பணம் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியிலிருந்து வருகிறது. பெண்கள் மோட்டார் ஓட்டுவதற்கே 2018 வரை அனுமதியில்லாத தேசம் அது என்பதையும் வாசகர்கள் மறக்கக் கூடாது. உரிமை என்பது கொடுப்பவனுடைய தயவில் தொங்கினால், அவன் கை மடங்கியதும் அதுவும் மடங்கிப் போகும். ஆதலால் இது தானமாக அல்ல, ஆட்டத்தின் சட்டமாகவே நிலைக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் பிற்காலம் லேசானதாக இல்லை. 2021-ல் மியாமியில் இறுதி ஆட்டத்தில் பாதம் அடிபட்டு நின்றார். 2023-ல் அதே மியாமியில் கணுக்கால் மூட்டு நார் கிழிந்து, சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோகப்பட்டார். முதுகு எலும்பில் காயப்பட்டு மாதக்கணக்கில் விலகி, 2024-ல் திரும்பி வந்தார். 2019 செப்டம்பருக்குப் பிறகு 2024 முடிய, முதல் தரப் பந்தயங்களில் ஒற்றையர் பட்டம் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. இதைக் கண்டு, “ஒரு வருஷ நட்சத்திரம்” என்று இகழ்பவர்கள் இருக்கிறார்கள். பட்டத்தால் மாத்திரம் மனிதரை அளப்பவர்களுக்கு அப்படித் தான் தோன்றும். நமக்குத் தோன்றுவது வேறு. ஒவ்வொரு தடவையும் காரணத்தைத் தெரிந்துகொண்டு, வைத்தியம் செய்துகொண்டு, பழையபடி தகுதியை ஒவ்வொரு படியாக ஏறி வருகின்ற ஒருவர், ஜெயித்தாலும் தோற்றாலும் மரியாதைக்குரியவரே.

ஆகவே, தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண் ஓடினாலும், பந்தடித்தாலும், வேறெந்த வேலை செய்தாலும், அவள் ஜெயித்த அன்றைக்கு அந்த ஜெயத்தை எந்தத் தெய்வத்தின் கணக்கிலும் எழுதிவிடாதீர்கள். அது அவளுடைய உழைப்பின் கூலி. அவள் அடிபட்ட அன்றைக்கு மிளகாய் சுற்றிப் போடப் போகாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். “வலிக்கிறது, நிறுத்துகிறேன்” என்று அவள் சொன்னால், அதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் புத்தி என்று மதியுங்கள். பெண்ணின் தேகம் பெண்ணுக்குச் சொந்தம் என்பதை ஒப்புக்கொள்ளாத வரையில், எத்தனை வெற்றிக் கோப்பைகளை அவள் கையில் கொடுத்தாலும் அவளுக்கு நாம் கொடுத்தது ஒன்றுமில்லை என்பதே நமது முடிவான அபிப்பிராயமாகும்.